எட்டேழு அறுபது என்றவர்

அறுபதுகளில் கடலூரில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, அட்டையில் நானே ஒரு பரமபதம் செய்தேன். பாம்பு, ஏணி, கட்டத்துக்கு ஒரு பெருக்கல் கணக்கு. விடை தப்பினால் இரண்டு கட்டம் பின்னால் போக வேண்டும். தலைமையாசிரியர் பெட்டியைத் திறக்காமலே பிரமாதம் என்றார். சக ஆசிரியர்கள் அட்டையின் நிறத்தைப் பாராட்டினார்கள். உண்மையான கருத்துக்கு அலைந்துகொண்டிருந்த எனக்கு, சிதம்பரம் போகும் ரயிலில் எதிர்ப் பலகைப் பெரியவர் அகப்பட்டார்.

வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி, மடியில் பலாச்சுளைப் பொட்டலம். ஒவ்வொரு சுளையையும் தின்றதும் கொட்டையைத் துடைத்துத் துண்டில் முடிந்துகொள்வார். நான் அட்டையை விரித்து ஆட வாருங்கள் என்றதும், அதில் ஒன்றையே காயாக வைத்து ஆட உட்கார்ந்தார்.

"எட்டேழு எவ்வளவு?" என்றேன்.

"அறுவது."

எனக்கு இரக்கமாகிவிட்டது. எட்டாம் வாய்ப்பாட்டை நிதானமாகச் சொல்லிக்காட்டினேன்.

"அம்பத்தாறுன்னு தெரியுங்க சார். அதச் சொன்னா இங்கியே நிக்கணும். தப்பா சொன்னா ரெண்டு கட்டம் பின்னாடி போயி ஏணி ஏறிடலாம் பாருங்க."

ஏணிகளை அங்கே வைத்த மேதை நான்தான். அவர் கூசாமல் தப்பாகவே சொல்லி, ஏறி ஏறிக் கடைசிக் கட்டத்தைத் தொட்டுப் பழம் எடுத்தார்.

"மனசுல பட்டதைச் சொல்லுங்க பாய்" என்றேன்.

"ஆட்டம் ஜோரா இருக்குது. கணக்குதான் நடுவுல எடஞ்சலா கெடக்குது."

சிதம்பரத்தில் காயாக வைத்த பலாக்கொட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இன்றுவரை என் விளையாட்டைக் கடைசிக் கட்டம்வரை ஆடிய ஒரே மனிதர் அவர்தான்.