கரியாலூர்ப் பூங்காவில் அக்கா மாப்பிள்ளை பார்த்த ஞாயிறு

சுற்றிப் பார்க்கப் போனதல்ல இந்தப் பயணம். என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனோம். ஆனாலும் வழி, நேரம், டிக்கெட், கழிப்பறை என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன், பழக்கதோஷம். கல்வராயன் மலையில் இருக்கும் கரியாலூர்ப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் இதை நம்பிக் கிளம்பலாம்.

போன தை மாதத்து ஞாயிறு. பெண் பார்க்கப் பூங்கா எதற்கு என்று கேட்பீர்கள். களமருதூரில் எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே நான்கு முறை மாப்பிள்ளை வீட்டார் வந்து, காப்பி, பஜ்ஜியோடு எழுந்து போனார்கள். "போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்ற சொல் வந்ததே தவிர வேறு எதுவும் வரவில்லை. ஐந்தாவதாக ஒருவர் வருகிறார் என்றதும் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே வூட்டுக்கு யாரும் வர வேணாம். தெருவே வெளிய நின்னுகினு எத்தினியாவது ஆளுன்னு எண்ணுது. பார்க்குல வந்து பாக்கட்டும். நானும் பாக்கணும், தனியா ஒரு கேள்வி கேக்கணும்."

கேள்வி எங்களுக்குத் தெரிந்ததுதான். அக்கா உளுந்தூர்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலைக்குப் போகலாமா என்பதுதான் கேள்வி. வீட்டில் அதைக் கேட்க வாய் திறந்தபோதெல்லாம் அம்மா தொடையில் கிள்ளிவிடுவாள். கிள்ளிய தழும்பு நான்கும் இருக்கிறது என்பாள் அக்கா.

அப்பா, அம்மா, அக்கா, நான். வாடகை வேன் 3,200 ரூபாய், டிரைவர் படி தனி. காலை 6.10க்குக் கிளம்பினோம். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையம் அருகே 7.50க்கு இட்லி. அங்கே வண்டி மீட்டரைக் குறித்தேன். கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, பூங்கா வாசலில் நின்றபோது 38 கிலோமீட்டர் கூடியிருந்தது. தூரம் கம்மிதான், வளைவுகள் ஜாஸ்தி. "முன் சீட்டுல குந்துனா வாந்தி வராது சார்" என்றார் டிரைவர் பாஸ்கர். நான் முன் சீட்டைப் பிடித்தேன். அம்மா பின்னாலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாள்.

9.35க்கு உள்ளே போனோம். நுழைவுச் சீட்டு தலைக்கு 20. புல்வெளி, ரோஜாப் பாத்திகள், ஊஞ்சல்கள், நடுவில் மிதிபடகு விடும் ஏரி. பனி விலகாத அந்த நேரத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. இடம் தேர்ந்தெடுத்தது நான் என்பதால் அடிக்கடி எல்லோரிடமும் "எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் பாராட்டவில்லை.

மாப்பிள்ளை செந்திலும் அவர் அம்மா அஞ்சலையும் சின்னசேலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி 10.40க்கு வந்தார்கள். செந்தில் சொந்தமாக எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அமைதியான மனிதர், அளவுக்கு மீறியே அமைதி. அவரும் அக்காவும் படகில் ஒரு சுற்றுப் போய் வரட்டும் என்றேன். இரண்டு பேர் மிதிபடகு, அரை மணி நேரம், நூறு ரூபாய். உயிர்காக்கும் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருவரும் போனார்கள்.

கரையில் அஞ்சலை அம்மா மரத்தடியில் சாய்ந்துவிட்டார். "தல கிர்ருனு சுத்துதுங்க. சுகர் மாத்திர போட்டுகினேன், பஸ்ஸ புடிக்கிற அவசரத்துல ஒண்ணும் துன்னல." அம்மா பதறிப்போய்த் தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோற்றை இலையில் வைத்தாள். அந்த அம்மாவும் ஆவலாக எடுத்துச் சாப்பிட்டார்.

நான்காவது கவளத்தில்தான் அப்பா என் காலை மிதித்தார். எங்கள் பக்கத்தில் காப்பி, பலகாரம் சாப்பிடலாம். பேசி முடிவாகும் முன் பெண் வீட்டுச் சோற்றில் மட்டும் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று பொருள். வீடு இல்லையே, பூங்காதானே என்று எல்லோருமே அதை மறந்துவிட்டோம். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க சம்பந்தி" என்றாள்.

பன்னிரண்டே நிமிடத்தில் படகு திரும்பியது. அரை மணிக்குக் காசு கட்டிய படகு. அக்கா விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

"வேணாம்மா. வேலைக்குப் போலாமான்னு கேட்டேன். அம்மாவக் கேட்டு சொல்றேன்றாரு."

"அவங்க கை நனைச்சிட்டாங்கடீ!"

"அவங்க பசிக்குத் துன்னாங்க. அதுக்கு நான் கழுத்த நீட்டணுமா?"

எனக்கு ரோஜாப் பாத்திக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அக்கா சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அஞ்சலை அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்து மகனைப் பார்த்தார்.

"யேய், என்னை இன்னாத்துக்குடா கேக்கணும்? கல்யாணமாயி மூணாம் மாசம் கரும்பு வெட்டப் போனவ நானு. உங்கப்பன் யார கேட்டுகினு அனுப்புனாரு?"

அம்மா பெருமூச்சு விட்டாள். அக்கா விடவில்லை. "நீங்க சொல்லிட்டீங்க அத்தை. அவரு இன்னும் சொல்லலையே."

செந்தில் நேராக டிக்கெட் கவுண்ட்டருக்குப் போய்ச் சீட்டோடு வந்தார். "இன்னொரு ரவுண்டு வர்றீங்களா? இந்த தபா நானே சொல்றேங்க." அக்கா அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு அவரோடு போனாள்.

அவர்கள் தண்ணீரில் இருந்த நேரம் என்னால் கரையில் உட்கார முடியவில்லை. பூங்காவைச் சுற்றி நடந்து உங்களுக்காகத் தகவல் திரட்டினேன். கழிப்பறை பூங்கா வாசலுக்கு வலப்பக்கம், சுத்தமாகவே இருந்தது. செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். உள்ளே சோறு கிடைக்காது, கட்டிக்கொண்டு போங்கள். பொட்டலத்தைக் குரங்கு கண்ணில் படாமல் பிரியுங்கள். பதினொன்றுக்கு மேல் கூட்டம் வந்துவிடும். மிளகு, தேன் வாங்க வெள்ளிமலை வரை போகலாம். பஸ்ஸில் வருகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள். சாப்பிடாமல் மட்டும் மலையேறாதீர்கள்.

நூறு ரூபாய்க்கு அரை மணி தாராளம் என்றுதான் எழுத நினைத்திருந்தேன். அன்றைக்கு அது போதவில்லை. படகுக்காரர் இரண்டு முறை விசில் ஊதினார். மூன்றாவது விசிலுக்குத்தான் படகு கரைக்குத் திரும்பியது. இருவரும் மிதித்துக்கொண்டு வந்தார்கள்.

அம்மா படகுத்துறைப் படிக்கே ஓடினாள். "இன்னாடீ சொன்னாரு?"

அக்கா உயிர்காக்கும் சட்டையின் வாரைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அது எங்க ரெண்டு பேருக்குள்ளம்மா."

அப்பா எழுந்து டிரைவரிடம் போனார். மலையிறங்கும்போது வேனில் இன்னும் இரண்டு பேர் வருவார்கள் என்று சொல்ல.