சந்தியாவின் பக்கத்தில் உட்கார்ந்தது

படித்து முடித்துவிட்டுக் கீழே "கதை சூப்பர்" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். எனக்குக் கடுப்பாகிவிடும். இது கதை இல்லை. போன கார்த்திகை அமாவாசையன்று எனக்கு நடந்தது.

என் பெயர் கீர்த்தி. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எங்களைத்தான் மென்டராகப் போடுவார்கள். புதிதாக மென்டர் ஆகிறவர்களுக்கு என்ன அட்வைஸ் என்று கேட்கிறார்கள். ஒன்றே ஒன்றுதான். "பயமா இருந்தா சொல்லு, அக்கா பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நான் சந்தியாவுக்குக் கொடுத்தேன்.

ஐயம்பேட்டையில் நெசவு வீட்டுப் பெண். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். படிப்பை விட்டுவிடுகிறேன் என்று தினமும் அழுவாள். பாவம், என்னை நம்பித்தான் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தாள்.

அன்று மாலை ஆறேகால். நல்ல மழை. அவள் அப்பா, அம்மா கோயிலுக்குப் போயிருந்தார்கள். தனியாக இருப்பாளே என்று போன் செய்தேன்.

எடுத்தாள். பின்னால் ஒரு சத்தம்.

டக்... டடக்... டக்...

தறி. அமாவாசையன்று எங்கள் ஊரில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள்.

"என்னம்மா, இன்னைக்குப் போய் தறி ஓடுது?"

"யாரு பேசறது?"

"கீர்த்தி அக்காம்மா."



"கீர்த்தி அக்கா இங்க என் பக்கத்துல உக்காந்துக்கினு இருக்காங்களே... கரைக்கு நாடா தள்ளிக்கினு..."

கரையை வேறு நிறத்தில் கோர்க்கும் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும்; ஒருவர் நெய்ய, பக்கத்தில் இருப்பவர் கரைநூல் சுற்றிய நாடாவைத் தள்ளித் தருவார். அந்தப் பக்கத்து ஆளின் இடத்தில் யார்? 

"ஐயோ, அது நான் இல்ல! எழுந்து வெளிய ஓடு!"

"அக்கா... யாரோ உங்க குரல்ல பேசறாங்க."

அவள் அதை என்னிடம் சொல்லவில்லை.

பதில் வந்தது. என் குரலில்.

"கட் பண்ணும்மா. நான் இருக்கேன்ல."

கட்.

திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. அவள் அம்மாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். ஷேர் ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. நடுரோட்டில் நனைந்துகொண்டு அழுதேன். வேறு என்னதான் செய்வேன்?

எப்படியோ போய்ச் சேர்ந்தேன். கதவைத் தட்டினேன்.

தறி நின்றது.

சந்தியா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்தாள்.

உள்ளேயிருந்து என் குரல்...

"யாரும்மா வாசல்ல?"

"தெரியலக்கா."

கதவைச் சாத்திவிட்டாள்.

டக்... டடக்...

கத்தினேன். கையெல்லாம் வீங்கும்வரை தட்டினேன். திறக்கவே இல்லை.

இரவு அவள் அம்மா கிருஷ்ணவேணியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "பயந்தாங்கொள்ளிமா அது, ஏதோ உளறி இருக்கும். நல்லாத்தான் இருக்குது, தூங்குது" என்று சிரித்தார்.

மறுநாளிலிருந்து சந்தியா கல்லூரிக்கு வரவில்லை. என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாள்.

போன வாரம் அவள் அம்மாவே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"காலேஜு போனா போவுதுமா. தெனம் சாயந்தரம் நீ வந்து அது பக்கத்துல உக்காந்துக்கினு சொல்லிக் குடுக்கறியே... கூடப் பொறந்தவகூட இப்டி செய்ய மாட்டா."

அந்த அமாவாசைக்குப் பிறகு நான் ஐயம்பேட்டைப் பக்கம் போகவே இல்லை.