முற்றத்துக்கு ஒரு மரம்

பக்கத்து வீட்டு ஸ்ரீஸ்கந்தராசா ஓய்வுபெற்ற நில அளவையாளர். கண்டிக்கு வந்து முப்பது வருடமாகியும் யாழ்ப்பாணத்துப் பிடிவாதம் குறையாத மனிதர். வெயில் விழுகிற முற்றத்துக்கு, மாசியிலேயே பூக்கிற ஒரு மரம் வேண்டுமென்றார். வெயில் எங்கே அதிகநேரம் நிற்கிறதென்று அறிய, நாள்முழுக்கக் கதிரையை இழுத்து இழுத்துப் போட்டு உட்கார்ந்து படமும் கீறினார். அவரை என் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு கன்று விற்கிற கடையெல்லாம் அலைந்தேன். ஒன்றின் வேர் மதிலை உடைக்குமாம். மற்றது சித்திரையில்தான் பூக்குமாம்.

“அரூஸ், அவசரப்படாதையும்” என்பார்.

மூன்று வருடம்! கன்று வாங்குகிறாரா, மாப்பிள்ளை பார்க்கிறாரா என்று எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

மாப்பிள்ளைதான் முதலில் கிடைத்தார். மகள் தர்சிகாவின் கல்யாணத்துக்கு, அவர்கள் வழக்கப்படி, முற்றத்து மூலையில் முள்முருக்கந் தடியொன்றைக் கன்னிக்காலாக ஊன்றினார்கள். அதற்கு மட்டும் மனிதர் வெயிலும் பார்க்கவில்லை, படமும் பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்து பிள்ளை நோர்வேக்குப் போனாள். தடியைப் பிடுங்க மனம் வராமல் அவர் மனைவி பத்மாதேவி அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

இரண்டு வருடம் கழித்து, இந்த மாசியில், அதில் ஓர் இலைகூட இல்லை. கிளையெல்லாம் சிவப்புப் பூ.

அன்று வீடியோ அழைப்பில் தர்சிகா கேட்டாள்: “அப்பா, மரம் வாங்கியாச்சோ?”

அவர் போனை முற்றத்து மூலைக்குத் திருப்பினார்.

“இல்லைப் பிள்ளை. நீதானே ஒண்டை விட்டிட்டுப் போயிருக்கிறாய்.”