ஞாயிற்றுக்கிழமை அளந்த வழி

என் தங்கை மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்ப்பவள். சுழலும் கல்லில் விளிம்பைத் தேய்த்து, சட்டத்துக்குள் மயிரிழை பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். நான் எட்டாவது வரை படித்து, தையலுக்கு வந்தவள். என் வேலையில் அரை அங்குலம் தவறினால் பிரித்துத் தைக்கலாம். அவள் வேலையில் பிரிக்க வழியில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், வரட்டும்.

பெரிய நகரத்துப் பட்டறை ஒன்று அவளை ஒரு மாதச் சோதனைக்கு எடுத்தது. காலை எட்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். மூன்றாவது முறை தாமதமானால் அன்றோடு சரி.

வாடகை அறையில் அவளைக் குடிவைக்க நான்தான் கூடப் போனேன். அறைக்குள் அடுப்பு கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் சட்டம். கெட்டில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் காலை ஆறு மணிக்கு மேல், ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தூங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பட்டறை வரை ஒத்திகை போனோம். இரண்டு பேருந்து மாறி, கதவுக்குக் கதவு நாற்பத்தேழு நிமிடம். தையலுக்குத் துணி விடுகிற பழக்கத்தில் பத்து நிமிடம் சேர்த்து, "ஏழு மணிக்குக் கிளம்பு" என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு ஊர் திரும்பினேன்.

திங்கட்கிழமை அவள் எட்டு இருபத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"ஏன்க்கா, ஞாயித்துக்கிழமை யாரு வேலைக்குப் போறா? நாம ரெண்டு பேரும் காலி ரோட்டை அளந்துட்டு வந்திருக்கோம்!" என்றாள் போனில்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அளவெடுத்துத் தைத்த சட்டை இறுக்குகிறது என்று வந்து சொன்னவர் இதுவரை யாருமில்லை.

மறுநாள் ஆறரைக்குக் கிளம்ப வேண்டியவள், கெட்டிலில் உருளைக்கிழங்கு போட்டாள். கொதித்ததும் அது தானாக அணைந்துவிடும். சுவிட்சை மறுபடி மறுபடி அழுத்தி, கிழங்கு வெந்தபோது பேருந்து போய்விட்டது. எட்டு மணி நான்கு நிமிடம்.

"நாலு நிமிஷமும் லேட்டுதாம்மா," என்றாராம் மேற்பார்வையாளர். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

புதன்கிழமை வெறும் வயிற்றோடு ஓடினாள். நேரத்துக்குப் போய்விட்டாள். ஆனால் பதினொரு மணிக்குக் கை நடுங்கி, லென்ஸின் ஓரம் சில்லாகப் பெயர்ந்தது. அன்று மாலை போனில் அவள் குரலே சரியில்லை.

"சமைச்சா லேட்டு, சமைக்கலைன்னா கை ஆடுது. என்னதான்க்கா பண்ண?"

"நாலு மணிக்கே எழுந்திரு."

"எழுந்து? ஆறு மணி வரைக்கும் அரிசியை முறைச்சுப் பாக்கவா?"

"பிரெட் வாங்கி வச்சுக்கோயேன்."

"மூணு நாளா ராத்திரிக்கு அதான். பாத்தாலே தொண்டை அடைக்குது. நீ வை, நான் யோசிக்கிறேன்."

அவள் யோசித்தாள். எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் பருப்பும் கழுவி பிளாஸ்க்கில் போட்டு, உப்பும் மிளகும் தூவி, கொதிநீர் ஊற்றி, மூடியைத் திருகிக்கொண்டு ஓடினாள். பேருந்து ஓடுகிற நேரத்தில் சோறும் வெந்துகொள்ளட்டும் என்பது அவள் கணக்கு. பட்டறைக்கு எதிரே நிறுத்தத்தில் திறந்தால், அவள் சொன்னபடி, "மேல குளம், கீழ கல்லு." அதையும் கடித்து விழுங்கினாள். அன்று கை ஆடவில்லை.

வெள்ளிக்கிழமை முழு அரிசிக்குப் பதில் நொய். பிளாஸ்க்கில் முதலில் வெறும் வெந்நீரை ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, அப்புறம் நொய்யையும் பருப்பையும் போட்டாள். குழைந்து வெந்திருந்தது. அடுத்த வாரம் கேரட் துருவல் சேர்ந்தது. அவளுக்கு இப்படியெல்லாம் தோன்றும், எனக்குத் தோன்றாது.

கடைசி வாரம், ஏழு முப்பத்திரண்டுக்குப் பாலத்தின் நடுவே பேருந்து நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள்.

"இறங்கிடாதம்மா, இப்ப எடுத்துருவாங்க," என்றார் நடத்துநர்.

"நீங்க எடுப்பீங்க, என் வேலையை யாரு குடுப்பா?"

கதவைத் திறக்க வைத்து இறங்கி, பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று நிறுத்தம் ஓடினாள். ஏழு ஐம்பத்தொன்பதுக்குப் பட்டறை வாசலில் வருகை அட்டையைத் தேய்த்தாள்.

மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த மூச்சோட கல்லைத் தொடாத. அதுல என்ன வச்சிருக்கியோ, அதைச் சாப்பிட்டு வா."

அவர் கண்முன்னே உட்கார்ந்து, அடி வரை வழித்துச் சாப்பிட்டாளாம். வெட்கமே படவில்லையாம். ஏன் பட வேண்டும்?

மாதம் முடிந்த மாலை போன் வந்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"அக்கா, எடுத்துட்டாங்க!"

"என்னடி சொன்னார் அவரு? ஒண்ணு விடாம சொல்லு."

"ரெண்டாவது பஸ் வந்துருச்சு, ஏறணும், வைக்கிறேன்."

வைத்தேவிட்டாள்.