பிஸ்கட் டின்னும் ஆறு கம்பியும்

‘உம்ம்ம்’ என்று ஒரு முனகல், பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறதோ என்று முதலில் நினைக்க வைத்து, இல்லை, நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்துதான் வருகிறது என்று பாதத்தின் வழியாகவே தெரிய வைக்கும் முனகல். என் பதினைந்தாவது வயதின் மழைக்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அதுதான். திண்டிவனத்து வாடகை வீட்டில் நானும் என் அக்கா எஸ்தரும் சேர்ந்து செய்த ஸ்பீக்கர் பெட்டியின் குரல் அது.

எங்கள் சர்ச்சில் கிட்டார் என்றால் பையன்கள் சமாச்சாரம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த அக்கா, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் ஒரு பாட்டுக்காவது தானும் வாசிக்கிறேன் என்று பாடகர் குழுத் தலைவரிடம் போய்க் கேட்டாள். “பொம்பளப் புள்ளைக்குப் பாடுறது போதாதாம்மா?” என்று சிரித்த அந்த மனிதர், அவள் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, “சரி, கிட்டாரு, பெட்டி எல்லாம் சொந்தமா எடுத்துக்கினு வா, வாசிக்கலாம்” என்று அனுப்பிவைத்தார். இவள் எங்கே கொண்டு வரப் போகிறாள் என்ற தைரியம்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

புதுச்சேரியில் யாரோ கழித்துப்போட்ட எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று அக்காவின் தோழி மூலமாகக் கிடைத்தது. கம்பிகள் ஆறும் துருவேறிக் கிடந்தன. கொதிக்க வைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று எவரோ சொன்னதைக் கேட்டுக் கழற்றி வேக வைத்தோம், அம்மா வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “கொழம்பு வெக்கிற சட்டியில கம்பிய வேக வெச்சிக்கினு இருக்கீங்களாடி!” என்று போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பெட்டிக்குப் பழைய அலமாரிப் பலகை. இடுக்குகளில் கோந்தும் மரத்தூளும் குழைத்து அடைத்தோம், உள்ளே என் தலையணையின் இலவம்பஞ்சைத் திணித்தோம். ஆம்ப்ளிஃபயர் போர்டை விழுப்புரத்துக் கடையில் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பொருத்தினாள் அக்கா. கம்பிகளையும் டின்னையும் ஒரு ஒயரால் இணைத்ததும் ‘உம்’ பாதியாகக் குறைந்தது. நாங்கள் குதித்தோம்.

மறுநாள் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து நான் கம்பியைத் தொட்டேன். தோள்பட்டை வரைக்கும் யாரோ கட்டையால் அடித்ததுபோல் இருந்தது. சுவரில் போய் விழுந்தேன். டின்னில் கசிந்த கரண்ட் அந்த ஒயர் வழியாகக் கம்பிக்கு வந்திருக்கிறது. அந்த இரண்டு முள் ப்ளக்கைத் திருப்பிச் சொருகியதும் கசிவு நின்றது, எனவே சரியான பக்கத்தில் நகப்பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்தாள் அக்கா. அதற்கும் மேலாக, தெருவில் போடாத புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடியைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்து, வாசிக்கும்போது மட்டும் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்டாலே அம்மாவுக்கு ஆகாது என்பதால் அதுவும் ரகசியம். அடி வாங்கியதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொன்னால் பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும், அக்காவின் ஒரே பாட்டும் அதோடு போயிருக்கும்.

நிகழ்ச்சி நடந்த மாலையில் நல்ல மழை. நசநசவென்று இருந்த சர்ச் தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மேடைக்காக அன்றைக்கு மாட்டிக்கொண்டு வந்த அந்த ரப்பர் செருப்பை அக்காவும் பழக்க தோஷத்தில் வாசலிலேயே கழற்றிப்போட்டுவிட்டாள். பாட்டுக் குழுவில் உட்கார்ந்திருந்த எனக்கு அது உறைத்த நேரத்தில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். எங்கள் ப்ளக் தன் போர்டில் சேரவில்லை என்று சவுண்டு சர்வீஸ் அண்ணன் அதை வெட்டிப் போட்டுவிட்டு, வெறும் ஒயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகிக்கொண்டிருந்தார். சிவப்புப் பொட்டு தரையில் கிடந்தது. ஒயர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அக்காவுக்குச் சைகை காட்டினேன். அவள் பார்த்தாள், தன் வெறுங்காலையும் பார்த்தாள், ‘வாயைத் திறக்காதே’ என்று கண்ணாலேயே மிரட்டினாள். அதற்குள் ஆரம்ப ஜெபம் தொடங்கிவிட்டது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ‘ஆமென்’ சொன்னதும் அவள் கை கம்பியில் விழும். நான் வாசலுக்கு ஓடினேன். அங்கே ஊர்ப்பட்ட செருப்பு, எல்லாம் மழையில் நனைந்து ஒன்றுபோலவே கிடந்தன. உள்ளே ஜெபம் முடிவுக்கு வருவது குரலின் ஏற்றத்திலேயே தெரிந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் தள்ளி, அந்த ஜோடியைக் கண்டுபிடித்து, பாவாடையில் துடைத்துக்கொண்டே பீடத்தை நோக்கி வந்தபோது ‘ஆமென்’ விழுந்தது. நூறு ஜோடிக் கண்கள் திறந்து என் கையில் இருந்த செருப்பைப் பார்த்தன.

“ஏம்மா! செருப்ப எடுத்துக்கினு எங்க வர்ற? கோயில்னு தெரியல?” என்றார் தலைவர். காரணத்தைச் சொன்னால் அவரே ஸ்விட்சை அணைத்துவிடுவார். சொல்லாவிட்டால் அக்கா. அவள் விரல் கம்பிக்குமேல் நின்றுகொண்டிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து வந்தாள். என் கையிலிருந்த செருப்பை வெடுக்கென்று பிடுங்கினாள். அதாலேயே என்னை அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், அம்மா குனிந்து அதை அக்காவின் காலடியில் வைத்துக்கொண்டிருந்தாள். “போட்டுக்கினு வாசிடி.”

“இன்னாக்கா இது, பீடத்தாண்ட...” என்று தலைவர் அம்மாவிடம் ஆரம்பித்தார்.

“ஒரு பாட்டுதானுங்களே. கர்த்தர் கோவிச்சிக்க மாட்டாரு. நீங்க கோவிச்சிக்கினா நாளைக்குப் பேசிக்கலாம்” என்றாள் அம்மா, அங்கேயே நின்றுகொண்டு.

அக்கா வாசித்தாள். எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். நான் அவள் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முழுசாக முடிந்தது. அதற்கப்புறம் நாள்கணக்கில் ஏச்சுப் பேச்சு, அந்த சர்ச்சில் அக்கா மறுபடி வாசிக்கவே இல்லை என்பதெல்லாம் வேறு கதை.

இப்போது அந்தக் கட்டடமே இல்லை, புதிதாகக் கட்டிவிட்டார்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பிள்ளைகள் கிட்டார் வாசிக்கிறார்கள். எங்கள் பெட்டி வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. அம்மாவும் போய்விட்டாள். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், “அன்னிக்கி எதுக்குடி செருப்ப எடுத்துக்கினு வந்த?” என்று சாவகாசமாகக் கேட்டாள். நான் திகைத்துப்போனேன். கரண்ட் விஷயம் எப்படியோ தெரிந்துதான் எழுந்து வந்தாள் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“தெரியாமயா அத்தினி பேர் முன்னால அக்காவப் போட்டுக்கச் சொன்ன?”

“உன் மூஞ்சி செத்துப்போயி இருந்திச்சி. எதுக்கோ வேணும்னுதான எடுத்தாந்த” என்று சொல்லிவிட்டு அம்மா தண்ணீர் கேட்டாள்.

அக்காவும் நானும் இன்று ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிக்கொள்கிறோம். முகத்தைப் பார்த்ததுமே, காரணம் கேட்காமல் எழுந்து வர எங்களுக்கு இனி ஆள் இல்லை.