ஞாயிறு மதியம் வார்டுக்கு வருபவர்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் வேலை பார்த்தபோது கால் முறிந்து, நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தனியாகக் கிடந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒருவர் அந்த வார்டுக்கு வருவார். டைல்ஸ் ஒட்டும் வேலை. நக இடுக்கெல்லாம் சிமென்ட் வெளுப்பு. பார்க்க ஆளில்லாத நோயாளியின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஜெபம் பண்ண மாட்டீங்களா அண்ணே?"

"நாலு பேரு கேக்க ஜெபிச்சா நாக்கு திக்கும் சார். பாட்டும் வராது. எனக்கு மட்டும் ஒரு வரமும் தரலியேன்னு ஆண்டவர்கிட்ட ரொம்ப நாள் அழுதேன். எங்கம்மா இங்க கிடந்தப்போ பக்கத்துக் கட்டில் பெரியவர், 'நீ இருந்தா எனக்குப் பயமில்ல'ன்னாரு. இதுதான் எனக்குத் தந்த வரம்னு அப்பதான் புரிஞ்சுது."

அம்மா இப்போது இல்லையாம். வேறு யாரும் இல்லையாம்.

"உங்களுக்கு முடியாமப் போனா யார் வந்து உட்காருவா?"

"அந்த வரத்த ஆண்டவர் வேற யாருக்காவது குடுத்திருப்பாரு."

நான்கு வருடமாகிறது. அந்த வேறு யாரோ நான்தானோ என்று ஞாயிறுதோறும் தோன்றுகிறது. திருவனந்தபுரத்தில்தான் எங்கேயோ இருப்பார். பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.