கறுப்புப் பெயிண்ட் அடித்த தோல் வண்டி

என் வண்டி நாறும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் மண்டியிலிருந்து தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றுகிற பழைய டீசல் பிக்கப் அது. எவ்வளவு கழுவினாலும் வெயில் ஏறினால் நாற்றம் கிளம்பிவிடும். ஆம்பூரில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. பிரியாணிக் கடை வாசலில் நிறுத்தினாலும் சாப்பிடுகிறவன் தலை நிமிர மாட்டான்.

என் மனைவியின் ஊர் ஒடுகத்தூரைத் தாண்டி, மலை அடிவாரத்தில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அங்கே வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். என் மாமியார் வாசலில் காயப்போட்டிருந்த வேர்க்கடலையை அவசரமாக வாரி உள்ளே கொண்டுபோனார். அடுத்த தடவையிலிருந்து ஊர் முனையில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்து போக ஆரம்பித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

போன கடலை அறுவடைக்கு என் மச்சான், மனைவியின் தம்பி, வாணியம்பாடிப் பக்கத்தில் பழைய மெஷின் ஒன்று வாங்கினான். பிடுங்கிய செடியைப் போட்டால் கடலையைத் தனியாகப் பிரித்துத் தள்ளும். இரண்டு டயர்மேல் உட்கார்ந்திருக்கிற முழு இரும்பு. டிரெய்லர் மாதிரி வண்டிக்குப் பின்னால் மாட்டித்தான் இழுத்துவர வேண்டும்.

"டிராக்டருக்குச் சொல்லலாம்னு இருக்கேன் மாமா" என்றான்.

"ஏன், எங்கிட்ட வண்டி இல்லியா?"

"இருக்குது. இருந்தாலும் உங்க வண்டி..." என்று நிறுத்திவிட்டான்.

"என் வண்டிக்கு இன்னா?"

"பழசுன்னு சொல்ல வந்தேன் மாமா."

அவன் சொல்ல வந்தது அது இல்லை. என் மாமியார் உடனே, "காபி ஆறுது மாப்ள, குடிங்க" என்றார். நான் காபியைக் குடிக்காமல், மெஷினை நான்தான் இழுத்து வருவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வரும் வழியில் மனைவி கேட்டாள். அவள் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "டிராக்டர் இழுக்கற மெஷினு. உங்களுக்கு எதுக்குங்க இந்த வீம்பு?"

"வாசல்ல கொண்டாந்து நிறுத்தறேன், பாரு."

வண்டியைப் பைபாஸ் ஓரத்து மெக்கானிக் பாயிடம் விட்டேன். "இன்னாபா, தோல் வண்டிக்குக் கல்யாணமா?" என்று சிரித்தார். கிளட்ச் முழுசாக மாற்றினோம். டீசல் பம்பைப் பிரித்துச் சரி செய்தோம். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தோம். பாரம் தாங்கப் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னொரு பட்டை சேர்த்தோம். பிரேக், டயர் எல்லாம் புதிது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி உறுமியது. மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒரே ஒரு வேலையைத்தான் கெடுத்தேன். பச்சைத் தோலிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது இரும்பைத் தின்னும். அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் வண்டிக்கு அடியில் சேஸ் என்கிற இரும்புச் சட்டம் முழுக்கப் பழைய எஞ்சின் ஆயிலை அடித்து வைப்போம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் இரும்பு நிற்கும். மாமியார் ஊருக்கு அந்தக் கோலத்தில் போகக் கூடாது என்று நான் ஆயிலை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்லி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடிக்க வைத்தேன். அடிப்பக்கம் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி பளபளத்தது.

இழுக்கிற கொக்கியைச் சேஸின் கடைசிக் குறுக்குச் சட்டத்தில் மாட்ட வேண்டும். பாய் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரு தபா தட்டிப் பாத்துடலாம்பா. உப்பு உள்ளாற பூந்திருக்கும்."

"புதுப் பெயிண்ட் பாய். தட்டுனா உரிஞ்சுடும்."

"பெயிண்டா இழுக்கப் போவுது?"

"பேஜார் பண்ணாத பாய். மாட்டு."

மாட்டினார்.

மெஷினை இழுத்துக்கொண்டு கிளம்பிய அன்று பானெட்டில் மல்லிகைச் சரம் கட்டினேன். உள்ளே சென்ட் அடித்தேன். பக்கத்தில் மனைவி, ஜன்னலோரம் மச்சான். சமதரையில் வண்டி ஜம்மென்று இழுத்தது. "பரவால்லியே மாமா" என்றான் மச்சான். ஒடுகத்தூர் கடைத்தெருவில் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனேன்.

அவர்கள் ஊருக்குள் நுழைய ஓடைப் பாலத்தைத் தாண்டி ஒரு மேடு ஏற வேண்டும். மேட்டின் உச்சியில் என் மாமியார் கற்பூரத் தட்டோடு நின்றார். பூசணிக்காய் உடைக்க ஆள் நின்றது. பாதி ஏற்றத்தில் கியரைக் குறைத்து மிதித்தேன். பின்னால் தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. வண்டி சட்டென்று லேசாகி முன்னால் பாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மெஷின் தானாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நல்ல வேளை, பின்னால் யாரும் இல்லை. பாலத்துக்குப் பக்கத்தில் சரிந்து, ஓடைக்குள் ஒருக்களித்து விழுந்தது.

இறங்கி ஓடினோம். கொக்கி மெஷினோடு பத்திரமாக இருந்தது. அதோடு என் சேஸின் குறுக்குச் சட்டமும் பிய்ந்து போயிருந்தது. வெளியே கறுப்பாக மின்னியது. உள்ளே ஒன்றுமே இல்லை. மச்சான் அதைத் தொட்டான். துரு பிஸ்கட் மாதிரி கையில் உதிர்ந்தது. அவன் முகர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தோல் வாசனைதான் வந்திருக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கேயே பாய்க்கு போன் போட்டு, இன்னாத்த மாட்டுன நீ என்று கத்தினேன். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு நிதானமாக, "பெயிண்ட் நல்லா கீதா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அதற்குள் மேட்டிலிருந்து எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். பூசணிக்காயைக் கையில் வைத்திருந்த ஆள், "தோல் வண்டியில கட்டி இழுத்தா வேற இன்னா ஆவும்?" என்றான்.

நான் தலை குனிந்து நின்றேன். மனைவிதான் திரும்பினாள். "தோல் வண்டிதான். அதுல வர்ற சோத்ததான் துன்றோம். உன் கால்ல இருக்கறது இன்னா, வாழ மட்டையா?"

சிலர் சிரித்தார்கள். அந்த ஆள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான். நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. மாமியார் வாசலில் கடலையை வாரிக்கொண்டு உள்ளே போன அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பெயிண்ட் அடித்தேன். மெஷின் விழுந்ததைவிட அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

மெஷினின் டிரம் நசுங்கிவிட்டது. உடனே ஓட்ட முடியாது. கடலை போட்டிருந்த கொல்லையிலோ செடியைப் பிடுங்கிக் குவித்து வைத்திருந்தார்கள். மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் கடலை முளைத்துவிடும். மச்சான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அவரவர் செடியைச் சேர்க்கும் அவசரத்தில் இருந்தார்கள். இரண்டு மூன்று பேருக்கு போன் அடித்து ஓய்ந்த பிறகு, "மாமா, வண்டி ஓடுதா?" என்றான்.

"ஓடுது."

"கொல்லைக்கு எடுத்துனு வாங்க."

எடுத்துப் போனேன். ஆட்கள் செடியைத் தூக்கப் போனபோது என் மாமியார், "இருங்கப்பா" என்றார். பழைய நூல் புடவை ஒன்றைக் கொண்டுவந்து வண்டியின் பின்பக்கத்தில் விரித்தார். மூலை மூலையாக இழுத்து, இரும்பு எங்கும் தெரியாதபடி செருகினார். பிறகு என்னைப் பார்த்து, "தப்பா நெனைக்காதிங்க மாப்ள" என்றார்.

"அதெல்லாம் இல்ல அத்த" என்றேன். அவர் செய்தது நியாயம்தான். சாப்பிடுகிற பொருள். ஆனாலும் நான் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் செருகுவதைப் பார்க்க முடியவில்லை.

புதுப் பட்டைகள் பாரத்தை நன்றாகத் தாங்கின. மழை இறங்குவதற்குள் செடி முழுவதையும் வீட்டில் சேர்த்தோம். கடைசி நடையில் வண்டி வாசலிலேயே நின்றது. மழையில் நனைந்து நாறியது. உள்ளே எல்லோரும் செடியைச் சுற்றி உட்கார்ந்து கையால் கடலை ஆய்ந்தோம். மெஷின் செய்யவேண்டிய வேலை. விரல் எரிந்தது. யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை, நானும் எழவில்லை.

கிளம்பும்போது புடவையை உதறி, நான்காக மடித்து மாமியாரிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"அது உங்க வண்டியிலயே இருக்கட்டும் மாப்ள."

ரிப்பேர் பார்த்து முடித்த மெஷினை டிராக்டர்தான் ஊருக்குள் இழுத்துப் போனதாம். நான் போகவில்லை. சேஸுக்குப் புதுக் குறுக்குச் சட்டம் போட்டு, அடியில் பழையபடி எஞ்சின் ஆயில் அடித்துவிட்டேன். புடவை சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. நாற்றம் பிடித்துவிட்டது என்று விட்டாரா, அடுத்த அறுவடைக்கும் வண்டி வரட்டும் என்று விட்டாரா, எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி துடைக்கக்கூட அதை எடுப்பதில்லை.